எதிர்க்கட்சிப் பேப்பர்

கம்பிக் கதவில் செருகிவைத்த செய்தித்தாளைப் பார்த்தால் இன்றைக்கும் யாரும் பார்ப்பதற்குள் உருவி உள்ளே வைத்துவிடுவேன். வங்காளத்தில், பாலிகஞ்ச் பகுதியில் எங்களுடையது இரண்டே வீடுகள் கொண்ட பழைய கட்டடம். மாடியில் நாங்கள், கீழே ஒரு வங்காளத் தம்பதி. அந்தப் பெரியவரை ஜேட்டு என்பேன், பெரியப்பா முறை. அவர் மனைவி ஜேட்டிமா. என் மாமனார் தூத்துக்குடிக்காரர். துறைமுக வேலைக்கு வந்து இந்த ஊரிலேயே தங்கிப்போனவர். தமிழைவிட வங்காளத்தை வேகமாக வாசிப்பார். வாய் மட்டும் எந்த மொழியிலும் சும்மா இருக்காது.

மாமனார் ஆளும் கட்சிப் பக்தர். ஜேட்டு அதற்கு நேரெதிர். நான் மருமகளாக வந்த புதிதில் ஒரு தேர்தலில் முட்டிக்கொண்டு, இரண்டு பேரும் வாரக்கணக்கில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். பேசாமல் இருக்கவும் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ராசியானார்கள். மற்றவர் கட்சியைத் தூக்கிப்பிடிக்கிற பேப்பரைத்தான் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும். சாயங்காலம் டீக்கு உட்கார்ந்ததும் எதிராளியின் வாதத்தை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். ‘சரி, நான் சொல்வது அதேதான்’ என்று எதிராளி தலையாட்டிய பிறகே சண்டை தொடங்கலாம். “நம்ம ஆளு என்ன சொல்லுவாம்னு எனக்கே தெரியும். அதுக்கு எதுக்கும்மா பேப்பரு?” என்பார் மாமனார். எனக்கு அது சுத்தக் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் அவர் ஜேட்டுவின் கட்சியைப் பேசுவதைக் கேட்டால், அடுப்படியில் நிற்கும் எனக்கே அந்தப் பக்கம் ஓட்டுப் போடலாமா என்று சபலம் தட்டும்.

பிறகு ஊரின் போக்கு மாறியது. டீக்கடையில் அரசியல் பேச்சு நின்றது, நின்றதைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. விளக்குக் கம்பம் ஒன்று விடாமல் ஒரே கொடி ஏறியது. உங்கள் தெருவில் யார் எந்தப் பக்கம் என்று மீன்காரர்கூட விளையாட்டுபோல விசாரித்தார். பேப்பரை நிறுத்திவிடச் சொல்லி என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, என் கணவர் ஆபீஸ் போன பிறகு, எங்கள் தெருக் கிளப்பின் கட்சிக்காரப் பையன்கள் வீடு வீடாக வந்தார்கள். ஜெயித்தது அவர்கள் கட்சி, மாமனாரின் கட்சி. அவர்கள் யாரையும் கேள்வி கேட்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்கள். ஜேட்டுவின் கதவில் அவர்களுடைய பேப்பர் இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு மாடியேறினார்கள். எங்கள் கதவில் எதிர்க்கட்சிப் பேப்பர்.

“காக்கு, இது உங்களுடையதா?” என்றான் முன்னால் நின்றவன். காக்கு என்றால் சித்தப்பா. துர்கா பூஜை நாட்களில் என் கையால் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவன்.

நான் உங்கள் ஆள், நாங்கள் மாற்றி வாங்குகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் போயிருப்பார்கள். போயிருப்பது கீழ்வீட்டுக்கு. அங்கே ஜேட்டிமா படுத்த படுக்கை. உண்மையைச் சொல்லிவிட நான் வாயெடுத்தேன். மாமனார் ஒரு முறை முறைத்தார். “என்னுடையதுதான்” என்றார் அவனிடம்.

“ஏன்?”

நுணலும் தன் வாயால் கெடும். மாமனார் ஜேட்டுவின் வாதத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார், தன்னுடைய நம்பிக்கைபோல, ஒன்று விடாமல். பையன்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். படிக்கட்டு இடைவெளி வழியே கீழே பார்த்தேன். ஜேட்டு தன் வாசலில் நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை பழக்கத்தில் மெல்ல ஆடியது. பிறகு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

யாரும் அடிக்கவில்லை. முன்னால் நின்றவன் பேப்பரை உருவி நிதானமாகக் கிழித்துப் போட்டான். “உங்க ஊருக்கே போயிடுங்க காக்கு” என்றான், ஏதோ அக்கறைபோல. அதன் பிறகு காய்கறி வண்டி எங்கள் வாசலில் நிற்கவில்லை. அந்த வருடம் பூஜைக்கு அழைக்க யாரும் மாடியேறவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் ஜேட்டு மேல்தான். “இத்தன வருசம் கூட உக்காந்து டீ குடிச்ச மனுசன், ஒரு வார்த்த வரலியே மாமா!” என்று கத்தினேன்.

“அவ எந்திரிக்க முடியாமக் கெடக்கா. புள்ள வெளிநாட்டுல. நாலு பேரு உள்ள ஏறுனா, அவளத் தூக்கிட்டு எங்கன ஓடுவாரு? கதவப் பூட்டாம என்ன செய்வாரு? நீயா இருந்தாலும் பூட்டிருப்ப.”

பூட்டியிருப்பேன்தான். தலையாட்டினேன். “அப்ப உங்க பக்கத்த யாரு சொல்லுவா?”

“அத அவருல்லா சொல்லணும்” என்றார். “அதான ஒப்பந்தம்.”

அதற்காகக் காத்திருந்தார். மாலை டீ ஆறிக்கொண்டே போகும். கீழேயிருந்து யாரும் வரவில்லை.

போன சித்திரை மாதம் மாமனார் இறந்துபோனார். செய்தி கேட்டதும் பாடை, பூ, வண்டி எல்லாவற்றையும் கிளப் பையன்களே கொண்டுவந்தார்கள். இந்த ஊரில் சாவென்றால் தெருப் பையன்கள்தான் தூக்க வேண்டும், அதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜேட்டு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்தார். மாமனாரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். “இவர் உங்களுடைய...” என்று தொடங்கினார். பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஜேட்டு கீழே இறங்கிப் போனார்.