அண்ணன் தட்டவில்லை

"உங்க அண்ணன் இனிமே என்ன பண்ணப்போறான்?"

போன வருடம் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னிடம், அடுத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். அதை ஒருவரும் கேட்கவில்லை. கடைக்குப் போனாலும் பேருந்தில் ஏறினாலும் அண்ணனைப் பற்றித்தான் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணனுக்கே தெரியவில்லை.

அண்ணன் கூண்டுச் சண்டைக்காரர். கம்பி வலை அடித்த கூண்டுக்குள் இரண்டு பேர் இறங்குவார்கள். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்து நெருக்கலாம். தாங்க முடியாதவர் கையால் தட்டினால் சண்டை முடிந்தது, தட்டியவர் தோற்றவர். அண்ணன் தோற்றிருக்கிறார். ஒருமுறை கழுத்து நெரிபட்டு மயங்கியே போனார். ஆனால் தட்டியதில்லை. பிடித்தால் விடமாட்டார் என்பதால் அவருக்கு 'உடும்பு' என்று பெயர். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பார்த்துப் பார்த்து வைத்த பெயரை விட்டுவிட்டு ஊர்வனவற்றோடு சேர்த்துவிட்டார்களே என்று முணுமுணுப்பார். சுவரொட்டியில் அதே பெயரைக் கண்டால் மட்டும் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர்வார்.

அண்ணனைத் தயார் செய்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். டயர் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஜிம். படியேறும்போதே ரப்பர் வாடையும் வியர்வை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். போட்டி நாட்களில், சுற்றுகளுக்கு இடையே அண்ணன் வந்து உட்காரும் மூலையில் மாமாவும் அக்காவும்தான் நிற்பார்கள். முக்காலி, தண்ணீர், ஐஸ் எல்லாம் அக்காவின் பொறுப்பு.

அந்த ஜிம்முக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சுற்று முடிந்து வீரர் முக்காலியில் உட்கார்ந்ததும், மாமா எதிரில் மண்டியிட்டுத் தன் முன்கையை அவர் மடியில் வைப்பார். இனி முடியாது என்றால் அந்தக் கையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதன் பிறகுதான் மாமா துண்டை உள்ளே வீசிச் சண்டையை நிறுத்துவார். தட்டாமல் துண்டு வராது. சேருகிற ஒவ்வொருவருக்கும் மாமா முதல் நாளே கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கை நம்பித்தான் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள்.

குத்துச்சண்டைக்கு மாறும் யோசனையும் மாமாவுடையதுதான். "இன்னும் எத்தனை நாளைக்கு மாப்ளே தரையில உருளுவே? முட்டி ரெண்டும் தேஞ்சிரும். அங்க நின்னு ஜெயிச்சுப் பாரு, அப்புறம் எல்லாரும் உன்னைத் தேடி வருவாங்க" என்றார். வேகமாக வளர்ந்துவந்த ஒரு குத்துச்சண்டைக்காரரோடு போட்டியும் ஏற்பாடானது. அதுவரை அண்ணனுக்குச் சண்டைகள் தந்துவந்த கூண்டுச் சண்டை நிறுவனத்தின் மேலாளர் தடுக்கவில்லை. வாசல் திறந்தே இருக்கும் என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டார். "தோத்துட்டு வா, பரவாயில்லை. விட்டுட்டு மட்டும் வராதே. விடாத ஆளுன்னுதான் உன்னைப் பாக்க ஜனங்க வர்றாங்க."

புதுப் பயிற்சி அண்ணனைப் படாத பாடு படுத்தியது. கூண்டுச் சண்டைக் கையுறையில் விரல்கள் வெளியே இருக்கும். குத்துச்சண்டைக் கையுறையோ தலையணை மாதிரி. பழக்க தோஷத்தில் எதிராளியைக் கட்டிப் பிடிக்கப் போவார். இங்கே பிடிக்கக் கூடாது என்று மாமா அவர் முதுகில் ஒரு அறை வைப்பார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். யார் குத்தப்போகிறார்கள், நிமிர்ந்து சாப்பிடு என்பார் அம்மா.

போட்டியன்று நான் அவர்களுடைய மூலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தொடக்கச் சுற்றுகளில் அண்ணனுக்கு நல்ல அடி. இடது கண் வீங்கிப் பாதி மூடிக்கொண்டது. பிறகுதான் அவருக்குப் பிடி கிடைத்தது. விலாவில் இறங்கிய ஒரு குத்தில் எதிராளியின் கால் தள்ளாடியதை அரங்கம் முழுக்கப் பார்த்தது. மணி அடித்தது. அண்ணன் வந்து உட்கார்ந்தார். மாமா மண்டியிட்டார். எனக்கு மாமாவின் முதுகும், ஐஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த அக்காவின் குனிந்த தலையும்தான் தெரிந்தன. கேமராவிலும் அதே முதுகுதான் என்று பிற்பாடு பார்த்தேன்.

அடுத்த சுற்றுக்கு மணி அடித்ததும் அண்ணன் எழுந்து நடுவுக்குப் போனார். ஒரு குத்து வாங்கினார், ஒன்று கொடுத்தார். அப்போது கயிற்றுக்கு மேலாகப் பறந்துபோய் வெள்ளைத் துண்டு விழுந்தது. நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். யார் வீட்டுக் கொடியிலிருந்தோ காற்றில் வந்த துணியைப் பார்ப்பதுபோல அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா மைக் முன்னால் கண் கலங்கினார். "என் கையில தட்டினான். தட்டிட்டு, மானத்துக்காக எழுந்து போனான். நான் வேற என்ன செய்ய முடியும்?"

உடை மாற்றும் அறையில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, நான் தட்டினேனா?"

மாமா அவர் கைக்கட்டைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "அடி வாங்குன தலை மாப்ளே. உனக்கு நினைவிருக்காது."

அண்ணன் அதை நம்பிவிட்டார். இன்றைக்கும் என் மனம் ஆறாதது இதற்குத்தான். சோற்றைப் பிசைந்தபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தனக்குத் தெரியாமல் அந்தக் கை ஏதோ செய்துவிட்டதுபோல.

பிறகு வழிகள் ஒவ்வொன்றாக வந்தன, வந்த வேகத்தில் கசந்தன. குத்துச்சண்டைப் போட்டி நடத்துகிறவர் மேலும் சண்டைகள் தருவதாகச் சொன்னார். எல்லாமே வளர்ந்துவரும் பையன்களோடு. அவர்கள் ஏறிப்போக அண்ணன் ஏணியாக இருக்க வேண்டும். கூண்டுக்குத் திரும்பலாமா என்று மேலாளரைக் கேட்டபோது, விட்டுவிட்டு வந்தவரைப் பார்க்க யார் வருவார்கள் என்றார். அண்ணன் தட்டவே இல்லை என்று நான் போனைப் பிடுங்கிச் சொன்னேன். "நீ தங்கச்சிம்மா, நீ சொன்னா யாரு ஒத்துக்குவாங்க? மூலையில நின்னவங்க சொல்லட்டும், நாளைக்கே சண்டை போட்டுத் தர்றேன்" என்றார். முடிதிருத்தும் கடையில் அண்ணன் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே கடைக்காரர் சிரித்தார். "உடும்பு பல்லி ஆயிடுச்சாமே. வாலை விட்டுட்டு ஓடிருச்சாமே." அண்ணனும் சேர்ந்து சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது வழி மாமாவிடமிருந்து வந்தது. ஜிம்மை அண்ணனே நடத்தட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார். அம்மா அவரைத் தெய்வம் என்றார். அப்படியானால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று அண்ணன் கேட்டார். மாமா பார்க்கலாம் என்று மழுப்பினார். அந்த வாரமே ஒரு காணொளி வந்தது. அண்ணனை வென்றவர் பயிற்சி செய்கிறார். அவர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருடைய குத்துகளைக் கையில் வாங்குகிறார் மாமா. போட்டிக்கு முன்பே பேசி முடித்த வேலை அது.

மறுநாள் அக்கா தன் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றாள். அவளே சொன்னாள்.

"நீ தட்டலடா. உன் கை ரெண்டும் முட்டி மேல சும்மா இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அது உனக்காக வீசின துண்டு இல்ல. அவரு அங்க எடம் பிடிக்கப் போட்ட துண்டு."

அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேலாளரின் எண்ணை அழுத்தி, போனை அக்காவிடம் நீட்டினார். மறுமுனையில் மணி அடிப்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மேலாளர் எடுத்து யார் என்று கேட்டார், இன்னொரு முறையும் கேட்டார். அக்கா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். கடைசியில் அவளே இணைப்பைத் துண்டித்தாள்.

"இவளுக்கு அப்பன் அவருதானடா" என்றாள்.

அண்ணன் அவளைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கி வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் அனுப்பிவைத்தார். மாமா கொடுத்திருந்த ஜிம் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார். மாமா துரோகம் செய்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கா வாய் மூடி நின்றபோது வந்ததற்கு என்ன பெயர் என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அண்ணன் மரச்சாமான் கிடங்கில் அலமாரிகள் ஏற்றி இறக்குகிறார். மாலையில் தனியாக ஓடுகிறார், எந்த மேடைக்கும் அழைப்பில்லாமல். தட்டவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் என்கிறார். எனக்குப் போதாது. அவர் தொழிலில் அடுத்தவர்கள் என்ன நம்புகிறார்களோ அதுதான் வாசல்.

மூலையில் நின்றவர்கள் சொல்லமாட்டார்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். பேருந்திலோ முடிதிருத்தும் கடையிலோ உடும்பு விட்டுவிட்டு ஓடியது என்று யாராவது சிரித்தால், துண்டு விழுந்தபோது அவர் மேடை நடுவில் நின்று குத்திக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். கேட்டவரிடம், இதை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். கைமாறிக் கைமாறி என்றாவது அந்த மேலாளரின் காதுக்கும் போகட்டும்.