பாவாடை வெட்டிய கிணறு

செஞ்சியில் கிணறு வெட்டுகிறவர்களில் பாவாடைக்குத் தனி மதிப்பு உண்டு. கரும்பாறையாக இருந்தாலும் ஊற்றைப் பார்க்காமல் மேலே ஏற மாட்டார். அப்படிப்பட்டவர், தான் வெட்டிய ஒரு கிணற்றில் ஒரு வாய் கூடக் குடித்ததில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், வல்லம் போகிற ரோட்டோரம் ஆபீஸ் கிளார்க்குகளுக்கு இருபது வீடு கட்ட ஆரம்பித்தார்கள். கிணற்றுக்கு முளை அடித்த இடத்தைப் பார்த்ததுமே பாவாடைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே தோல் பதனிடும் கொட்டகை இருந்தது. அதில் அவர் கூலி. தோலில் மயிர் கழிக்கச் சுண்ணாம்போடு கலக்கும் மஞ்சள் பாஷாணம், கொட்டகையை மூடியபோது மூட்டை மூட்டையாக மிஞ்சியது. முதலாளி சொன்னபடி அதைக் குழிகளில் கொட்டி மண்ணைத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர்.

மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தார். "இங்கருந்து நாப்பது அடி தள்ளிதான் பாஷாணம் கொட்டின குழிங்க இருக்குது. வேற எடம் பாக்கலாங்க."

"பத்து வருஷ மழையில எல்லாம் கரைஞ்சி போயிருக்கும். உன்னால முடியாதுன்னா சொல்லு, அவலூர்பேட்டை ஆளுங்க வந்துடுவாங்க."

பாவாடை கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். நாலு ஆள் ஆழத்தில் ஊற்று பீறிட்டது. நாற்றம் இல்லை, கலங்கல் இல்லை. வேலைக்கு வந்த அத்தனை பேரும் குடித்தார்கள். உள்சுவருக்குக் கல் கட்டிக்கொண்டிருந்த பாவாடை மட்டும் தினமும் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாந்து சுமக்கும் ரஞ்சிதம் அனந்தபுரத்துப் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் கேட்டாள்: "இன்னா அண்ணே, கெணறு நெறைய தண்ணி இருக்குது, நீ ஊட்லருந்து தூக்கினு வர்றியே?"

"பழக்கம்மா" என்றார்.

ஒரு மாதத்துக்குள் ஆட்கள் ஒவ்வொருவராக வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். காலரா என்று ஊசி போட்டார்கள். ரஞ்சிதத்துக்குக் கரு கலைந்துவிட்டது. அந்தச் சேதி கேட்ட மத்தியானமே பாவாடை, கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவர்சியர் ராமகிருஷ்ணன் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன்யா முன்னமே சொல்லல?"

"மேஸ்திரிகிட்ட சொன்னேங்க. சொல்ல வேண்டிய அளவுக்குச் சொல்லல."

ராமகிருஷ்ணன் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு, தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துப் பட்டணத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். ஐந்து வாரம் கழித்துக் காகிதம் வந்தது. பாஷாணம் கலந்திருந்தது உண்மை.

மறுநாள் பாவாடை அனந்தபுரம் போனார். ரஞ்சிதம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில விஷம் எறங்கியிருக்குமின்னு எனக்கு பயம் இருந்துச்சிம்மா. அதான் நான் குடிக்கல."

அவள் கையிலிருந்த கடலையை உரித்து முறத்தில் போட்டாள். பிறகு, "குடிக்காதன்னு என் காதுல ஒரு வார்த்த போட்டிருக்கலாமே அண்ணே. நான் யார்கிட்ட போய் சொல்லப்போறேன்?" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குழிகளைத் தோண்ட எவரும் முன்வரவில்லை. மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பாவாடைதான் இறங்கினார். மஞ்சள் பாய்ந்த மண்ணை மூன்று வாரம் வாரி, சிமெண்டு பூசிய தொட்டியில் போட்டு மூடினார்கள். கிணற்றை ஆயில் எஞ்சின் வைத்து இறைத்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகாமல் கரை கட்டி வெயிலில் வற்றவிட்டார்கள்.

பிறகு மாதாமாதம் அந்தக் கிணற்றோடு சேர்த்துச் சுற்றுவட்டாரத்து ஏழு கிணறுகளில் தண்ணீர் மொண்டு அனுப்பும் வேலையை ஓவர்சியர் அவரிடமே கொடுத்தார். கோடையில் விஷம் குறைந்ததாகக் காகிதம் வரும். மழை பெய்து ஊற்று ஏறினால் அதுவும் ஏறும். "இன்னும் எத்தினி வருஷங்க?" என்று பாவாடை கேட்டார். ராமகிருஷ்ணன் அடுத்த மாதத்துக்கான பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார்.

அறுபத்து ஒன்பதில் ஆறு கிணறுகள் தேறின. பாவாடை வெட்டியது மட்டும் தேறவில்லை. அதைக் கருங்கல் பலகை போட்டு மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசிப் பலகையை நகர்த்தி வைத்துவிட்டுப் பாவாடை வீட்டுக்கு நடந்தார். ரஞ்சிதம், கரு கலைந்த நாளுக்குப் பிறகு, செஞ்சிப் பக்கம் வேலைக்கு வரவேயில்லை.