முந்தல் தரிசில் ஒரு ராக்கெட்

என் கணவர் இறந்த பிறகு அவருடைய பஞ்சர் கடையை இடத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்த சாமான்களை இரண்டு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கால் பம்பு, ஸ்பேனர்கள், ஒட்டுத் துண்டுகள், டியூப்லெஸ் டயருக்குப் போடும் வால்வுகள், பாதி தீர்ந்த சொல்யூஷன் டப்பா. எட்டு மாதம் அவை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன.

வார நாள்கள் எப்படியோ ஓடிவிடும். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம், பேச்சுக்குக் குறைவிருக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு டம்ளர் அரிசி பொங்கினால் அன்றைய சோலி முடிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பால்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் கரகரத்துக்கொண்டு வந்தது. முந்தின நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயமாகிவிட்டது.

அந்த வாரம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வால்வு செருகிய அடைப்பால் வாயை இறுக்கி மூடி, காற்றடிக்கிறார்கள். அழுத்தம் தாங்காமல் அடைப்பு பிடுங்கிக்கொள்ள, பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு மேலே பறக்கிறது. வால்வைப் பார்த்ததும் நான் கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டேன்.

அடைப்புக்கு என் பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்யூஷன் வைத்து ஒட்டினேன். டப்பாவைத் திறந்ததும் வாசம் வீடு முழுக்க அடித்தது. அவர் சாப்பிட உட்காரும்போது கையிலிருந்து வருமே, அதே வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதற்காக அவரை நான் திட்டாத நாளில்லை. அன்று என் கையைக் கழுவ வெகுநேரம் மனசு வரவில்லை.

இறக்கைதான் அமையவில்லை. அட்டையில் செய்தது தண்ணீரில் ஊறித் தொங்கிப்போனது. லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே இருந்தது. ஓரத்தில் கறுப்பாக இருந்த பகுதியில் இரண்டு இறக்கை வெட்டிவிட்டேன். மூன்றாவதற்கு விலா எலும்புகள் தெரியும் இடத்தைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, யோசிக்காமல் வெட்டினேன்.

முதலில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் விட்டுப்பார்த்தேன். அடைப்பு சீக்கிரமே பிடுங்கிக்கொண்டு பாட்டில் சாய, என் சேலை முழுக்கத் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னத்தா செய்யிற?”

“சும்மாக்கா, தண்ணி புடிக்கிறேன்.”

வெட்கமாகிவிட்டது. அடைப்புக்கு இன்னொரு வட்டம் ஒட்டி, அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்சில் ஏறினேன். முந்தலுக்கு அப்பால், போடிமெட்டு ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில், ஒரு தரிசு நிலம் உண்டு. நாலு குடைக்கம்பிகளை மண்ணில் குத்தி, நடுவில் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினேன். மலையிலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்று ரோட்டோரம் நின்றிருந்தது. டிரைவர் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். போல்ட் கழலும் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பம்பை மிதித்தேன்.

முப்பதாவது மிதியோ என்னவோ. டப்பென்று ஒரு சத்தம். பாட்டில் போன வேகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் புளியமரத்துக்கும் மேலே, வெயிலில் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. நேராகப் போயிருந்தது!

“பாத்தீகளா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன், வலது பக்கம் திரும்பி. அவர் எப்போதும் என் வலது பக்கம்தான் நிற்பார்.

“பாத்தேன், பாத்தேன்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தூக்கிவாரிப்போட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா எஸ்டேட் வேலைக்காரர்கள் போடுகிற முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். பாட்டிலைத் தேடி எடுத்துவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னா சேச்சி? மலையக் குடைஞ்சு ஏதோ ஆராய்ச்சிக்கூடம் கட்டப் போறதாச் சொன்னாகளே, அந்த ஆளா நீங்க?”

“இல்லத்தா. நான் ஏலக்காக் கடையில காய் பொறுக்குறவ.”

“அப்ப எதுக்கு இது?”

“பொழுது போகல,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “எனக்குந்தான் போக மாட்டேங்குது. எஸ்டேட்டு லயத்து வீட்டுல ஒத்தையிலதான் கெடக்கேன்,” என்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். “இன்னொரு தடவ விடுங்க. நான் மிதிக்கிறேன்.”

நான் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள அவள் மிதித்தாள். இந்த முறை சற்றுச் சாய்ந்து போனாலும் முன்பைவிட உயரம். இருவர் மேலும் தண்ணீர். அவள் கைதட்டினாள். அதற்குள் ஜீப்பு ஹாரன் அடித்தது. “வெரசா வாக்கா!” என்று டிரைவர் கத்தினார்.

“வர்றேன் சேச்சி,” என்று ஈரச் சேலையோடு ஓடினாள். பேரைக் கேட்கத் தோன்றவில்லை. எந்த எஸ்டேட் என்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று ஞாயிறு அங்கே போனேன். இறங்குகிற ஜீப்புகளையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. நாலாவது ஞாயிறு தரிசை உழுதுபோட்டிருந்தார்கள்.

மறுநாள் கடையில், பக்கத்தில் பெரிய காலி இடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். ராசிங்காபுரம் பக்கம் ஒன்று உண்டு என்றாள் அருகில் இருந்தவள்.

“எதுக்குக்கா?”

“ராக்கெட்டு விட.”

அவள் கலகலவென்று சிரித்துவிட்டு மறுபடி காய் பொறுக்கத் தொடங்கினாள். நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்துவிட்டாள். நானும் அதற்கு மேல் விளக்கவில்லை. அந்த ஞாயிறு ராசிங்காபுரம் பஸ்சில் தனியாகத்தான் போனேன்.