துர்சுனாயின் பாதி வாக்கியங்கள்

எங்கள் ஊரில் ஆங்கிலம் பேசத் தெரிந்த குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் துர்சுனாயிடம் திட்டு வாங்கியவர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் சேணங்கள் தொங்கும் கொட்டகைக்கு வந்து மலை வழிகாட்டிகளுக்குப் பாடம் எடுப்பாள். நான் அங்கே சமையல்காரி. மாவு பிசைந்துகொண்டே காதால் படித்தவள். இன்று வெளிநாட்டுக்காரர்களிடம் நான் இங்கிலீஷில் விலை பேசுகிறேன் என்றால் அது அவள் புண்ணியம்.

அவள் பாடமே தனி. 'இஃப்', 'பிகாஸ்', 'ஆல்தோ' என்று ஏதாவது ஒன்றைப் போட்டு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவாள். எதிரே இருப்பவன் மீதியை முடிக்க வேண்டும். முடிக்கும்போது 'கேன்', 'மே', 'மஸ்ட்' இவற்றில் ஒன்று வந்தே ஆக வேண்டும். "ஆறு பெருகினால்..." என்று அவள் ஆரம்பித்தால், "நாம் காத்திருக்க வேண்டும்" என்று பதில் வர வேண்டும். ஒருத்தன் 'மே' வர வேண்டிய இடத்தில் 'மஸ்ட்' போட்டு ஒரு ஜெர்மன்காரியிடம், "இந்தக் குதிரை மிரளும் என்பதால் நீங்கள் கட்டாயம் விழ வேண்டும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அந்த அம்மாள் இறங்கி ஊர்வரை நடந்தே வந்தாள்.

காலையில் கொட்டகை வயர்லெஸ்ஸிலும் இதே பாடம்தான். மலைமேல் இருப்பவர்களை நலமா என்று கேட்க மாட்டாள். மைக்கை எடுத்துப் பாதி வாக்கியத்தைச் சொல்லுவாள். மீதி வந்தால் ஆள் சுகம் என்று அர்த்தம்.

அவள் புருஷன் அசன்குலும் வழிகாட்டிதான். போன இலையுதிர் காலத்தில் கணவாய்க்கு மேலே திடீரென்று பனி கொட்டியபோது, கூட வந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களையும் தன் குதிரையில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டு, வழிதவறிய சுமைக்குதிரையைத் தேடித் திரும்ப மேலே போனான். சுமைக்குதிரை தானாக ஊர் வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை. கணவாய் மூடும்வரை ஆண்கள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அசன்குலின் அண்ணன் மாம்பெத், துக்கக் கூடாரம் போட்டுவிடலாம் என்றார். எங்களில் அதுதான் வழக்கம். கம்பளிக் கூடாரத்துக்குள் மனைவி கறுப்பு உடுத்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். துர்சுனாய் ஒப்புக்கொள்ளவில்லை.

"எண்ணெய் வாசனைகூடக் காட்டாம என் தம்பியைப் பட்டினி போடறியேம்மா," என்றார் மாம்பெத். செத்தவர்களுக்கு நாங்கள் எண்ணெயில் மாவு பொரித்து, அந்த வாசனையைத்தான் சோறாக அனுப்புவோம்.

"செத்தவங்களுக்குத்தானே பெரியத்தான் பொரிக்கணும்?" என்றாள் அவள்.

குளிர்காலத்தில் மலைக்கு யாரும் போவதில்லை. இருந்தும் காலையானால் வயர்லெஸ் பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மைக்கை எடுத்து, "மூடுபனி வந்தால்..." என்றாள்.

பெட்டி இரைந்தது. பிறகு, "நாம் ஒன்றாக இருக்க வேண்டும்," என்றது. அசன்குலின் குரல்.

நான் அடுப்பை விட்டு ஓடிவந்தேன்.

"கேட்டீங்களா சைரா அக்கா?"

"கேட்டேன்டி." கேட்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் அது தோன்றவில்லை.

மலைக்கு எடுத்துப்போகிற வயர்லெஸ் கருவியின் பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காது. இதுவோ நடுக்குளிர். எவனோ விளையாடுகிறான் என்று மாம்பெத் பக்கத்து ஊர்வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். ஆத்திரம் அடங்காமல் கூரைமேல் இருந்த ஏரியல் கம்பியைப் பிடுங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையிலும் குரல் வந்தது. அதற்குப் பிறகு அவர் கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

அவளோ பூப்போட்ட தலைத்துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். நன்றாகச் சாப்பிட்டாள். சிரித்தாள்கூட. நான்தான் காலையானால் அந்தப் பெட்டியையே கவனித்தேன். அந்தக் குரல் தானாக ஒன்றும் சொல்லவில்லை. "எங்க இருக்கீங்க?" என்று அவள் அழுது கேட்டபோதும் பேசாமல் இருந்தது. அவள் பாதியில் விட்டதை மட்டும் முடித்தது.

நாள் போகப் போக முடிவுகள் மாறின. "பனி ஆழமாக இருந்தாலும்..." என்றாள். "உன்னால் வர முடியும்," என்றது. "கரடிப் பாறை வழி திறந்திருப்பதால்..." என்றாள். "நீ இன்றே புறப்படலாம்," என்றது. மலைமேல் ஏறும் அந்தப் பாறை வழி திறந்திருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கேட்டேன். தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது என்றாள்.

மறுநாள் காலை ரொட்டியும் வேகவைத்த இறைச்சியும் மூட்டை கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் குதிரைக்குச் சேணம் பூட்டினாள். மாம்பெத் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? அங்க பாதையே இல்ல! ஒரே வீட்ல ரெண்டு சாவா?"

"விடுங்க பெரியத்தான். அவர் காத்துட்டிருக்கார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயத்தைவிடக் கோபம் நல்லது, கை கால் அசையும். உள்ளே போய்ப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி மைக்கை எடுத்தேன். வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி என் அடுப்படி ஆங்கிலத்தில், "நீ செத்துப்போயிருந்தாலும்..." என்று சொல்லி நிறுத்தினேன்.

பெட்டி இரைந்தது. பிறகு அந்தக் குரல் மெதுவாக, அத்தனை அன்பாக, "அவள் வந்தே ஆக வேண்டும்," என்றது.

மாம்பெத்தின் கையிலிருந்து கடிவாளம் நழுவியது. துர்சுனாய் சேணத்தில் கைவைத்தபடி அப்படியே நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"பெத்தவங்களா கூடப் பிறந்தவங்களா, யாரோ ரெண்டு பேரு. அவங்களையே தன் குதிரையில ஏத்திக் கீழ அனுப்பின மனுஷன்," என்றாள். "என்னையா இந்தப் பனியில ஏறி வான்னு கூப்பிடுவாரு?"

உள்ளே வந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள். "உன்னைப் பார்க்க உயிரே போகிற ஆசை இருந்தாலும்..." என்றாள். பழக்கத்தில் நிறுத்தியும்விட்டாள். பெட்டிக்குள் எதுவோ பேச மூச்சு இழுத்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"என்னால் வர முடியாது."

பெட்டியை அணைத்தாள். அன்றே கூடாரம் எழுந்தது. நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அவள் கறுப்பு உடுத்திச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுத அழுகையை இந்த ஊர் மறக்காது.

பனி உருகியதும் அசன்குலைக் கண்டுபிடித்தார்கள். கரடிப் பாறைக்கு நேர் எதிர்த் திசையில், வடக்குச் சரிவில், ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்தபடி இருந்தான். முதல் இரவே உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். சட்டைக்குள் இருந்த கருவி விழுந்த வேகத்தில் இரண்டாக உடைந்திருந்தது. கரடிப் பாறை வழியையும் போய்ப் பார்த்தார்கள். பாறைக்கு அந்தப் பக்கம் பனிப்பாளம் பிளந்து அடி தெரியாத பள்ளமாகக் கிடந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நானும் அவளும் தேநீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சைரா அக்கா," என்றாள். "அப்போ குளிர்காலம் பூரா நான் யாருக்குப் பாடம் எடுத்தேன்?"