வெர்னெல் கையெழுத்துப் போடவில்லை

வெர்னெல் காட்ஸ்டனுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். டார்வர் ஊரின் பள்ளிப் பேருந்தை அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டிவந்தார். அதில் ஏறி இறங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அவர் கத்தும்போது எவரும் அஞ்சியதில்லை. மெல்லப் பேசத் தொடங்கினால் கடைசி இருக்கை வரை வாய் மூடிவிடும்.

தெற்கு ஜார்ஜியாவில் நிலக்கடலை வயல்களுக்கு நடுவே இருக்கிறது டார்வர். வெர்னெல் பிறந்தது அங்கே. இரண்டு முறை மணந்ததும் அங்கேயே. முதற்கணவர் மோப்லி, ஜாக்சன்வில்லுக்கு வேலை தேடிப் போனவர், திரும்பவில்லை. அவருக்குப் பிறந்தவன் செட்ரிக். இரண்டாம் கணவர் காட்ஸ்டன் மரம் ஏற்றும் லாரி கவிழ்ந்து இறந்தார். அவருக்குப் பிறந்தவன் டவாரிஸ், அண்ணனைவிட எட்டு வயது இளையவன். இரு பிள்ளைகளும் கால் முளைத்த நாள் முதல் ஓடினார்கள். டார்வரில் ஓடத் தெரிந்த பிள்ளையை ஊரே அமெரிக்கக் கால்பந்துத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

பள்ளி அணியில் செட்ரிக் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுபவன். எட்டிப் பிடிக்க ஆள் கிடையாது. ஹால்டேன் ஸ்டேட் கல்லூரி அவனை அழைத்துக்கொண்டது. கார்னர்களை வார்த்தெடுக்கும் பட்டறை என்று பெயர் வாங்கிய கல்லூரி அது. எதிரணியில் பந்தைப் பிடிக்க விரைபவனின் நிழலாக ஓடி, பந்து அவன் கைக்குச் சேராமல் தட்டிவிடுபவன் கார்னர். 1987 முதல் ஆண்டுக்கு ஒரு கார்னரையாவது தொழில்முறை அணிகளுக்கு அனுப்பிவருவதாக ஹால்டேன் பெருமை பேசும். வேகமாக ஓடுபவன் எவன் வந்தாலும் அங்கே கார்னராக்கிவிடுவார்கள். செட்ரிக்கையும் ஆக்கினார்கள். முன்னோக்கி ஓடியே பழகியவன் பின்னோக்கி ஓடக் கற்றுக்கொண்டான்.

நான்காம் ஆண்டு அக்டோபரில் அவனுடைய இடது முழங்கால் விட்டுப்போனது. அந்த ஆண்டு அனுப்பிவைக்க ஹால்டேனிடம் வேறு கார்னர் இல்லை. வலி தெரியாமலிருக்க வாரம் ஓர் ஊசி போட்டு ஐந்து வாரம் அவனைத் திடலில் இறக்கினார்கள். ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் தேர்ந்தபோது அவன் பெயரை எவரும் சொல்லவில்லை. கடைசியில் ஓர் அணி மட்டும் கோடை முகாமுக்கு வந்து பார்க்கச் சொன்னது. பதினோராம் நாள் பையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வெர்னெல் ஹால்டேனின் மருத்துவரை ஒன்பது முறை தொலைபேசியில் அழைத்தார். ஒரு முறையும் அவர் எடுக்கவில்லை.

2006 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அதே ஹால்டேன் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டியது. இம்முறை டவாரிஸுக்காக.

வந்தவர் டாயில் ரெனிக், கார்னர்களின் பயிற்சியாளர். கல்லூரிக்கு வந்து இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. இந்த வருகைக்கு முன் வெர்னெலோடு ஆறு முறை தொலைபேசியில் பேசியிருந்தார்; செட்ரிக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணன் மோப்லி, தம்பி காட்ஸ்டன். குடும்பப் பெயர் வேறு என்பதால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. டவாரிஸ் கெஞ்சியதால்தான் வெர்னெல் அவரை வீட்டுக்குள் விட்டார். செட்ரிக்கின் தாய் என்று தாமாகச் சொல்வதில்லை என்றும் முடிவு செய்திருந்தார். அவர்களாக நினைவுகூர்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளை கேட்டு வரும் பயிற்சியாளர், தாய் பரிமாறியதை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்ண வேண்டும். இது அங்கே எழுதப்படாத விதி. ரெனிக் பன்றிக்கறியை மூன்றாம் முறையும் வாங்கினார்.

"மிஸ் வெர்னெல், இந்த மக்காச்சோள ரொட்டிக்காகவே நான் டார்வருக்குக் குடி வந்துடலாம் போல இருக்கு."

"வாங்களேன். கோழி ஆலையில ஆள் எடுக்கறாங்க."

ரெனிக் சிரித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பளபளப்பான கையேடு ஒன்றை மேசைமீது விரித்தார். "இதப் பாருங்க மேம். பத்தொன்பது வருஷம். ஒரு வருஷம்கூட விட்டுப் போகல. வருஷா வருஷம் எங்க கார்னர் ஒருத்தன் மேல போயிருக்கான். அடுத்து உங்க டவாரிஸ்."

"ரெண்டாயிரத்து ரெண்டுல யாரு?" வெர்னெலின் குரல் தாழ்ந்தது. டவாரிஸ் தட்டைவிட்டு நிமிரவில்லை.

ரெனிக்கின் விரல் பட்டியலில் இறங்கியது. "செட்ரிக் மோப்லி. அருமையான ஆளு, மேம்."

"இப்ப எங்க இருக்காரு?"

"அட்லாண்டா பக்கம் ஏதோ சொந்தத் தொழில்னு கேள்வி. எங்க பசங்க எல்லாரும் எங்களோட தொடர்புலதான் இருப்பாங்க. குடும்பம் மாதிரி."

அப்போது வாசற்படியில் காலடி கேட்டது. ஒரு கால் ஏறும். மற்றொன்று அதனருகே வந்து சேரும். மறுபடி முதற்கால் ஏறும். கோழி ஆலையின் ரப்பர் பூட்ஸோடு செட்ரிக் உள்ளே வந்தான்.

"வாடா ராசா," என்றார் வெர்னெல். "அட்லாண்டாலேருந்து எப்ப வந்த?"

"என்னம்மா சொல்ற?"

"கோச், எழுந்து கை குடுங்க. இவன்தான் உங்க ரெண்டாயிரத்து ரெண்டு."

ரெனிக் எழுந்தார். அவருடைய கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காது வரை ஏறியது. "மேம், நான் அப்ப அங்க இல்ல."

"நீங்க இல்ல. ஊசி போட்டவரும் இப்ப அங்க இல்லையாம். விசாரிச்சேன். அவன் பேரு மட்டும் அங்கயே இருக்கு." ஓட்டுநர் சட்டையின் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமீது வைத்தார். "அடிச்சிடுங்க."

"அச்சடிச்சாச்சே மேம். அதுவுமில்லாம, அந்த ஒரு பேர எடுத்தா..."

"சங்கிலி அறுந்துடும். அதானே?"

"அம்மா, விடு," என்றான் செட்ரிக். அவன் இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை. கையேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கட்டும்."

"எதுக்குடா இருக்கணும்?"

"அந்தப் பதினோரு நாளு நான் அங்க இருந்தேன்மா. அது பொய்யில்ல. வேற எங்க என் பேர அச்சுல போட்டிருக்காங்க சொல்லு?"

அன்று அந்த வீட்டில் வெர்னெலை அடித்த சொல் இதுதான். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கோபத்தை எவனுக்காகச் சேர்த்தாரோ, அவனே அதன் குறுக்கே நின்றான். அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி கோச். பேரு அவனோடது, இருந்துட்டுப் போகட்டும். ஆனா டவாரிஸோட ஒப்பந்தத் தாள்ல பெத்தவங்க கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கில்ல? அது என்னோடது."

டவாரிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மம்மா, நான் அண்ணன் இல்ல! எட்டாங்கிளாஸ்லேருந்து நான் கார்னர். என்னை யாரும் மாத்தப் போறதில்ல. எனக்கு அதவிட நல்ல இடம் எங்க இருக்கு?"

அவன் சொன்னது நியாயம். அது நியாயம் என்பதே அவருடைய கோபத்தை இன்னும் கிளறியது. அவர் ரெனிக்கின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவன் நாலாம் வருஷம் முட்டி போயிடுது. அனுப்ப வேற கார்னர் இல்ல. என்ன பண்ணுவீங்க?"

ரெனிக் கையேட்டைப் பார்த்தார், டவாரிஸைப் பார்த்தார். பிறகு, "நாங்க நல்லா பாத்துப்போம், மேம்," என்றார். அந்த இடைவெளியில் பத்துப் பிள்ளைகள் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை காலைக்குள் ஒப்பந்தத் தாள் கையெழுத்தாகிக் கல்லூரிக்குப் போயாக வேண்டும். அந்த எட்டு நாளும் டவாரிஸ் தாயோடு பேசவில்லை. ஊர் அவனுக்கும் சேர்த்துப் பேசியது. தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தும் யூலா பிஞ்ச் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏன்டி, அந்த ஆளு வயிறு நிறையச் சாப்பிட்டும் வெறுங்கையோட போனாராமே? பிள்ளையோட அதிர்ஷ்டத்துல மண்ணள்ளிப் போடறியே!"

"உன் பிள்ளைய அனுப்பு, யூலா."

"என் பிள்ளை டிரம்பெட் ஊதறவன்."

"அதான் உனக்கு வாய் நீளுது."

வியாழனன்று வெர்னெல் தொண்ணூறு மைல் தொலைவிலிருந்த ஒரு சிறிய கல்லூரியை அழைத்தார். அவர்களும் டவாரிஸைக் கேட்டிருந்தார்கள். பட்டியல் ஏதும் வைத்திராத இடம். அதன் பயிற்சியாளரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அந்தக் கிழவர் எரிந்து விழுந்தார். "என்ன பண்ணுவேன்? ஆட விடணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கும். ஆனா எங்க டாக்டர் எனக்குக் கீழ வேலை பாக்கல. அவர் வேணாம்னா நான் வாய மூடிக்கணும். இதுக்கு முன்ன ரெண்டு தடவை மூடியிருக்கேன், கடுப்போட."

பிப்ரவரி முதல் நாள், காலைச் சுற்றை முடித்துவிட்டு வெர்னெல் பள்ளி அலுவலகத்துக்குள் நுழைந்தார். தொலைநகல் எந்திரத்தின் அருகே அலுவலக உதவியாளர் லுரீனும் டவாரிஸும் நின்றார்கள். மேசைமீது இரண்டு தாள்கள். ஹால்டேனின் தாளில் டவாரிஸின் கையெழுத்து இருந்தது. கீழே தாய்க்கான கோடு வெறுமையாக இருந்தது. சிறிய கல்லூரியின் தாளில் எதுவுமே இல்லை.

வெர்னெல் இரண்டாம் தாளில் தம் பெயரை நிறுத்தி, தெளிவாக எழுதினார். பேனாவை மகனிடம் நீட்டினார்.

டவாரிஸ் வாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், லுரீனைப் பார்த்தான், அவள் எந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினாள். கடைசியில் பேனாவைப் பிடுங்கினான். தாள் கிழியும்படி கையெழுத்திட்டான்.

"இதுக்கு உன்னை மன்னிக்கவே மாட்டேன்."

"வேணாம். ரெண்டு முட்டியோட வீட்டுக்கு வந்து நின்னு திட்டு."

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். எந்திரம் தாளை இழுத்துக்கொண்டது. ஓங்கி ஓர் அறை வைக்க வெர்னெலுக்கு ஹால்டேனின் கன்னம் எட்டும் தூரத்தில் இல்லை.

லுரீன் ஹால்டேனின் தாளைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, இவங்க ஏழு மணிலேருந்து மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. மறுபடி கேட்டா என்ன சொல்ல?"

"நான் கூப்பிட்டப்ப ஒன்பது தடவை எடுக்காதவங்கடி அவங்க. மிச்சம் ஆறையும் அடிக்கட்டும். எடுக்காத," என்று மிக மெல்லச் சொல்லிவிட்டு, அவர் பேருந்துக்குப் போனார்.