வெறுங்காலோடு காட்டிய சூடம்

இதை எழுத நினைத்து எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் கை கூசியது அதனால் அல்ல, பயத்தால். முருகன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் ஃபெரி ஏறி, அக்கரையில் ஒரு பன்றிப் பண்ணைக்கு வேலைக்குப் போய்வந்தேன். அங்கே மூன்று கொட்டகைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் தனித்தனி பூட்ஸ், கால் நனைக்க மருந்துத் தண்ணீர்த் தொட்டி. ஒரு கொட்டகையின் பூட்ஸோடு இன்னொன்றில் நுழையக்கூடாது. எங்கள் முதலாளி, நன்றாகத் தமிழ் பேசும் சீனத் தவுக்கே, வைத்த சட்டம் அது.

ஒரு காலையில் முதல் கொட்டகையில் தீவனம் கொட்டினேன். சத்தமே இல்லை. மற்ற நாட்களில் காது கிழியக் கத்துகிறவை, படுத்தபடியே என்னைப் பார்த்தன. மரம் அறுப்பதுபோல் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தாய்ப்பன்றிகளின் காதுகள் நீலமாகியிருந்தன. நாள் நிறையாமல் பிறந்த குட்டிகள் அசையாமல் கிடந்தன. சில, பழம்புளிபோல் கறுத்துச் சுருங்கி, வயிற்றுக்குள்ளேயே எப்போதோ செத்தவை.

நீலம் சாமி நிறமாயிற்றே, ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பண்ணை மூலையில் மரத்தடி முனீஸ்வரருக்கு மட்டும்தான் வழக்கமாகச் சூடம் காட்டுவேன். அன்று தட்டை உள்ளே எடுத்துப்போனேன். பூட்ஸ் காலோடு சூடம் காட்டலாமா? கழற்றி வைத்தேன். நோய் கண்டதற்குத்தான் சாமி முதலில் வேண்டும் என்று முதல் கொட்டகையில் தொடங்கி, அதே வெறுங்காலோடு மூன்றுக்கும் போனேன். மருந்துத் தொட்டியைத் தாண்டினேன். அந்த நாற்றத்தில் மிதித்துவிட்டுச் சாமி காரியம் செய்ய மனம் வரவில்லை. மூன்றாவதில், சினையாய் இருந்த ஒன்றின் நெற்றியில் திருநீறும் பூசினேன்.

வெளியே லாரியில் உட்கார்ந்தபடி குழாய் வழியாகத் தீவனம் இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் சிரித்தார். "என்ன தம்பி, பன்னிக்கு அர்ச்சனையா? ராசி நட்சத்திரம்லாம் கேட்டியா லா?"

அடுத்த வெள்ளிக்குள் இரண்டாவது, மூன்றாவது கொட்டகைகளும் அடங்கிப்போயின. மூன்றாவதில் முதலில் காது நீலமானது, நான் திருநீறு பூசியதுதான்.

மிருக டாக்டர் அம்மா வந்து பார்த்தார். இது வைரஸ், மூச்சையும் கருவையும் சேர்த்துப் பிடிக்கும், மனுஷருக்கு வராது, ஆனால் மனுஷர் காலில் ஒட்டிப் போகும் என்றார். "யார் கால் நனைக்காமல் உள்ளே போனது?"

தவுக்கே லாரி அண்ணனைக் காட்டினார். "இவன்தான் எல்லாப் பண்ணையும் சுத்துறான்."

"நான் லாரிய விட்டு எறங்கவே இல்ல தவுக்கே!" என்றவர் என் பக்கம் திரும்பினார். என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். அப்படியே வாயை மூடிக்கொண்டார். நானும் திறக்கவில்லை. தவுக்கே தீவனக் கம்பெனிக்குச் சொல்லிவிட, அன்றோடு அவர் வேலை போனது.

பிறகு ஒருநாள் கோயிலில் கேட்டேன். "ஏண்ணே சொல்லல?"

"நீ சாமிக்குன்னு செஞ்ச. அதப் போய் எப்படிடா கோள் சொல்றது? நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

நான் சொல்லவில்லை. முனீஸ்வரர் கோபம் என்று ஊரில் கதை கட்டினேன். அந்தக் கதைதான் இன்னும் உலவுகிறது. அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. சூடம் ஏற்றிக் கண்ணை மூடினால், தீவனம் விழுந்தும் சத்தம் எழாத அந்தக் கொட்டகைக்குள் நிற்கிறேன்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சாமி கோபம் என்று சேர்க்காதீர்கள். நான் பூட்ஸைக் கழற்றியதை விட்டுவிடாதீர்கள். அண்ணன் லாரியை விட்டு இறங்கவே இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.