மாலையோடு நானூற்றைம்பது

“ஏம்மா, இதென்ன ஆட்டோவா, முறுக்குனா வேகமா ஓட?” என்று கேட்டார் கடைக்கார அண்ணன்.

ஸ்ரீராம்புரத்தில் அவருடைய டிடிபி கடையில் நான் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறக்கச் சில மாதங்கள் இருந்தன. பத்திரிகையில் பிள்ளையார் படத்தை ஓரங்குலம் நகர்த்தினால்கூடத் திரை மறுபடி வரைந்து முடிக்க ஒரு காபி குடித்துவிடலாம். எங்கள் பிராசசரின் வேகம் முந்நூறு மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் ஜம்பர் என்ற குட்டித் தொப்பியை வேறு முள்ளில் செருகினால் அதே பிராசசர் இன்னும் வேகமாக ஓடும் என்று ஒரு கணினிப் பத்திரிகையில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தது சரியா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லாததால் எதையும் செய்து பார்த்தே நம்புவது என் வழக்கம்.

“சரி, பண்ணு. ஒரு தடவை நின்னாலும் பழையபடி மாத்திடணும். அப்புறம் கம்ப்யூட்டர் மூடியில கை வைக்கக் கூடாது, டைப்பிங் மட்டும்தான்” என்றார்.

பேராசையில் நேராக ஐந்நூற்று நான்குக்குப் போனேன். இரண்டு வாரம் மெஷின் பறந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அண்ணன் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கனமான சாமந்தி மாலையும் போட்டார். மறுநாள் நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினோம். பதினொரு மணிக்குத் திரை அப்படியே உறைந்தது. எதிரே பத்திரிகை அடிக்க வந்த பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

“சொன்னேன்ல?” என்றார் அண்ணன்.

கேபினெட்டின் பின்பக்கம் கை வைத்தேன். சுட்டது. வெப்பத்தை வெளியே தள்ளும் காற்றாடியின் வாயை மாலை முழுசாக அடைத்திருந்தது.

“மாலைதாண்ணா காரணம்.”

“சாமி மேல பழி போடறியா?”

“சாமி மேல இல்லைண்ணா, சாமந்தி மேல.”

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். அண்ணனும் அடக்கிப் பார்த்து முடியாமல், “ஒரு வாரம் தர்றேன். ஆனா பூவைத் தொடாதே, அதுவா உதிரணும்” என்றார்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் அதுதான் வழக்கம். அடுத்த வருஷமும் மாலை விழும். அதனால் இறங்கி வர வேண்டியவள் நான்தான் என்று புரிந்தது. சூடு குறைய ஜம்பரை மாற்றி நானூற்றைம்பதுக்கு வந்தேன். மாலை இருந்த இடத்திலேயே இருந்தது. தினமும் ஷட்டர் திறந்ததும், கணினிப் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து, பிராசசரை ஓய்வில்லாமல் கணக்குப் போடவைக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். அது ஓடும்போதே இருப்பதிலேயே கனமான கல்யாணப் பத்திரிகையைத் திறந்து, பிள்ளையாரை மூலைக்கு மூலை இழுத்தடித்தேன். மதிய வெயிலில் மேலே தகரக் கூரை காய்ந்தது. ஏழு நாளும் திரை ஒருமுறைகூட உறையவில்லை. பூ வாடிச் சருகானதுதான் மிச்சம்.

பத்திரிகை வாங்க வந்த பெண் வீட்டாரிடம் அண்ணன் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், ‘நம்ம ஹுடுகி’, அதாவது நம்ம பொண்ணு, சரிசெய்த மெஷின் என்று. நான் காதில் விழாததுபோல் டைப் செய்தேன். விரல்கள் இரண்டு எழுத்தைத் தப்பாக அடித்தன.

அவர்கள் போனதும், “மூடியெல்லாம் இனி நீயே பாத்துக்கம்மா” என்றார். பிறகு, “அந்த மூலையில இருக்கற இன்னொரு மெஷினும் கொஞ்சம் ஸ்லோதான்...” என்று இழுத்தார்.

அதன் திருகுகள் அதற்குள் என் டிபன் பாக்ஸ் மூடியில் கிடந்தன.